துருவ் ஹெலிகாப்டரைத் திருப்பும் இரண்டு தட்டுகள்

அவனியாபுரம் வாசகர் ஒருவரின் கேள்வி: “மேலே சுற்றும் விசிறி ஹெலிகாப்டரைத் தூக்குவது புரிகிறது. முன்னாலும் பக்கவாட்டிலும் அதை நகர்த்துவது எது?”

நம் துருவையே எடுத்துக்கொள்வோம். பெங்களூருவில் உள்ள அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். தயாரிப்பு, முதலில் பறந்தது 1992 ஆகஸ்ட் 20. நான்கு பிளேடு, இரண்டு எஞ்சின், ஐந்தரை டன் வரை எடை. சியாச்சினுக்குச் சரக்கு, வெள்ளத்தில் மீட்பு, கடலோரக் காவல் எல்லாவற்றுக்கும் போகும்.

சூட்சுமம் பிளேடுகளுக்குக் கீழே, தண்டைச் சுற்றியுள்ள ஸ்வாஷ் பிளேட்டில் இருக்கிறது. திரிகை போல இரண்டு தட்டுகள்: கீழ்த்தட்டு சுற்றாது, மேல்தட்டு பிளேடுகளோடு சுற்றும், நடுவே பேரிங். மேல்தட்டிலிருந்து ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு கம்பி போகும்.

விமானி இடக்கை நெம்புகோலை உயர்த்தினால் தட்டுகள் மேலேறும், கம்பிகள் தள்ள, நான்கு பிளேடுகளும் காற்றை வெட்டும் சாய்வுக் கோணம் ஒன்றாகக் கூடும், வண்டி எழும்பும். மதுரைச் சித்திரை வெயிலில், 40 டிகிரியில், காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. அதே எடையைத் தூக்கக் கோணத்தை இன்னும் கூட்ட வேண்டும். எஞ்சினும் அந்தக் காற்றில் இளைத்துத்தான் இருக்கும். அதனால் சுமையைக் குறைப்பார்கள்.

வலக்கைக் கட்டையைத் தள்ளினால் தட்டுகள் சாயும். சாய்ந்த தட்டில் சுற்றிவரும் கம்பி ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். பிளேடின் கோணமும் சுற்றுக்கு ஒருமுறை கூடிக் குறையும். நொடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை! இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பிளேடு உடனே எழும்பாது என்பதுதான். கோணம் கூடிய இடத்தைத் தாண்டிக் கிட்டத்தட்ட கால் சுற்று போன பிறகே அது உச்சிக்கு வரும். முன்னால் போக, விசிறி வட்டத்தின் பின்பக்கம் உயர்ந்து வட்டம் முன்னோக்கிச் சாய வேண்டும்; தூக்கும் விசையும் அந்தப் பக்கமே இழுக்கும். அதற்குக் கோணத்தைப் பக்கவாட்டிலேயே கூட்டிவிட வேண்டும். துருவின் பிளேடுகளுக்குக் கீல் கிடையாது, விறைப்பானவை; அதனால் இந்தத் தாமதம் கால் சுற்றைவிடச் சற்றுக் குறைவு. கம்பிகளின் இணைப்பிடமே இதைச் சரிக்கட்டிவிடும்; விமானி கணக்குப் போட வேண்டியதில்லை.

எஞ்சின் இரண்டு, தட்டுகளை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் ஹைட்ராலிக்கும் இரட்டை. ஸ்வாஷ் பிளேட் மட்டும் ஒன்றே ஒன்று. அது முறிந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தும் விமானியின் கைக்கும் பிளேடுக்கும் தொடர்பு அறுந்துபோகும். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தனர். சுற்றாத கீழ்த்தட்டு முறிந்திருந்ததை விசாரணை சுட்டியது. துருவ்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன.

ஒரே விசை கோடிக்கணக்கான முறை வந்து போனால் உலோகத்தில் மயிரிழை விரிசல் விழும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தட்டைத் தரையிலேயே பொருத்தி, உடையும்வரை ஆட்டிப் பார்க்கும் சோதனைக்கூடங்கள்தான் ஆயுளைச் சொல்லும். புது ஹெலிகாப்டர் வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, வாங்குவதற்கு முன்பே இங்கே போக வேண்டும்.