சஃபாரி போய் வந்தபின் காய்ச்சல் வந்தால்

கென்யாவுக்குச் சஃபாரி கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சிங்கத்தைப் பற்றித்தான். லாட்ஜுக்கு வேலி இருக்கிறதா, ராத்திரி கூடாரத்துக்குள் ஏதாவது வந்துவிடுமா? மசாய் மாராவில் பல லாட்ஜ்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே காவலாளி துணைக்கு வருவார், அவரில்லாமல் வெளியே கால் வைக்காதீர்கள். இந்தப் பதில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கொசுவைப் பற்றிப் பேசத்தான் எனக்கு நேரம் வேண்டும். கேட்கிறவர்களுக்கோ அதற்குள் பொறுமை போய்விடும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை யாரும் மறப்பதில்லை. சான்று அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம் என்பதால் அந்தப் பயம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும் என்பதும், 2016 முதல் ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும் என்பதும்கூடப் பலருக்குத் தெரிந்திருக்கிறது. (60 வயதைத் தாண்டியவர்களும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் ஊசிக்கு முன்பு மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.) மலேரியாவுக்கு அட்டை கேட்க எந்த விமான நிலையத்திலும் ஆள் இல்லை. அதனால் மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரை பெட்டியிலேயே கிடந்து திரும்பி வருகிறது.

"நாங்க பார்க்காத மலேரியாவா டாக்டர்?" என்பார்கள். சென்னையில் நாம் பெரும்பாலும் பார்ப்பது வைவாக்ஸ் மலேரியா. ஆளை வாட்டும், ஆனால் உயிரை எடுப்பது அபூர்வம். ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை. சிகிச்சை தாமதமானால் ஒன்றிரண்டு நாளிலேயே மூளை, சிறுநீரகம் என்று பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். எப்போதோ மலேரியா வந்து போனது இதற்குக் காப்பு ஆகாது.

இவ்வளவு பணம் வாங்கும் இடத்தில் கொசுவை விட்டுவைப்பார்களா என்பது அடுத்த கேள்வி. அறைக்குள் உண்மையிலேயே பிரச்சினை குறைவு. நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போதே ஊழியர் வந்து கட்டிலைச் சுற்றி வலையை இறக்கி, விளிம்பை மெத்தைக்கடியில் செருகி வைத்திருப்பார். பாதுகாப்பில் ஓட்டை விழுவது அதற்கு முன்னால். மாலை ஆறரை மணி. வண்டியை நிறுத்தி, ஆற்றைப் பார்த்தபடி மடக்கு நாற்காலி போட்டு, கையில் ஒரு கிளாஸ் கொடுப்பார்கள். சூரியன் இறங்குகிறது, எல்லோர் கண்ணும் கேமராவில். அரைக்கால் சட்டை, செருப்பு, கணுக்கால் மொத்தமும் வெளியே. மலேரியாக் கொசு கடிக்க ஆரம்பிக்கும் நேரம் அதுதான். அப்புறம் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை. மாரா கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டருக்கு மேல் இருப்பதால் இரவில் குளிரும், குளிரில் கொசு இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்கால் சட்டை, காலுறை, டீட் என்ற கொசு விரட்டும் மருந்து 20 சதவீதத்துக்குக் குறையாத பூச்சு எல்லாம் வேண்டும். வெயில் கிரீம் போடுவதாக இருந்தால் அது முதலில், கொசுப் பூச்சு அதன் மேல்.

மாத்திரை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய குளோரோகுயின் ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்துக்குப் பிரயோஜனமில்லை. டாக்ஸிசைக்ளின் பலருக்கு ஒத்துவரும், கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கூடாது. கிளம்ப ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீருடன் போட வேண்டும். போட்டதும் படுக்கக் கூடாது, தொண்டைக்குக் கீழே புண்ணாகிவிடும். ஊர் திரும்பியும் நான்கு வாரம் தொடர வேண்டும். கிருமி முதலில் கல்லீரலில் பதுங்கியிருந்து பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது, இந்த மருந்து பிடிப்பது ரத்தத்தில். வீடு வந்ததும் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

கடித்த பிறகு குறைந்தது ஒரு வாரமாவது ஆகும் என்பதால் காய்ச்சல் பெரும்பாலும் இங்கே வந்துதான் அடிக்கிறது. என்னிடம் தாமதமாக வந்த ஒருவருக்கு நடந்தது இது: காய்ச்சல், ரத்தத்தில் தட்டணுக்கள் சரிவு. உடனே டெங்கு என்று முடிவுகட்டி, நிலவேம்பு, பப்பாளி இலைச் சாறு என்று மூன்று நாள் வீட்டிலேயே ஓட்டியிருக்கிறார்கள். தட்டணுக்கள் மலேரியாவிலும் குறையும். அவர் கென்யா போய் வந்ததை முதலில் பார்த்த மருத்துவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கண் மஞ்சளாகி, பேச்சு குழறிய பிறகுதான் ரத்தத்தில் மலேரியா தேடினார்கள். பிழைத்துவிட்டார், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து எழுந்து வந்து.

திரும்பி மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உட்கார்ந்ததும் முதல் வார்த்தை, "ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியா பாருங்கள்." சோதனையில் இல்லை என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும், மூன்று முறையாவது. கூடப் பயணம் செய்தவர்களுக்கும் ஒரு போன் போட்டு, அவர்களுக்குக் காய்ச்சல் ஏதும் உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.