தூதுணம்புறவு: எந்தப் புறாவுக்குப் பொருந்தும்?

தூது என்றதும் ஓலை சுமந்து பறக்கும் புறாதான் நினைவுக்கு வரும். ஆனால் தூதுணம்புறவு என்ற பழஞ்சொல்லில் தூது என்பது சிறு கல். தூது + உண் + அம் + புறவு, அதாவது கல்லைத் தின்னும் அழகிய புறா. முனிவர்களின் வேள்விப் புகை பிடிக்காமல் ஒதுங்கும் குயில்கள் இந்தப் புறாக்களோடு போய்த் தங்குவதாகப் பட்டினப்பாலை சொல்கிறது. புறவு என்றால் முல்லைக்காடு என்றும் பொருள் உண்டு. உண் என்ற வினை முன்னால் நிற்பதால் இங்கே குழப்பமில்லை.

சரி, புறாவுக்குக் கல் எதற்கு? பல் கிடையாதே. விழுங்கிய தானியத்தை அரைவைப்பையில் கல்லோடு சேர்த்துத்தான் அரைக்க வேண்டும்.

பாட்டில் வருவது ஊர்ப்புறா. ஆனாலும் இந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்துவது நிக்கோபார் புறாவுக்குத்தான் என்பேன். அந்தமான் நிக்கோபார் தொடங்கிச் சாலமன் தீவுகள், பலாவ் வரை சிறு தீவுகளில் வாழும் இது, தரையில் மேய்ந்து, கெட்டியான கொட்டைகளையும் தசைப்பிடிப்பான அரைவைப்பையில் கல்லை வைத்து நொறுக்கிவிடும். அந்தக் கல்லை நகையில் பதிப்பதற்காகவே இதை வேட்டையாடியதும் உண்டு. 1758இல் உயிரியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட இந்தப் பறவையின் இன்றைய அறிவியல் பெயர் கலோயினாஸ் நிக்கோபாரிக்கா. கிரேக்கத்தில் கலோஸ் அழகு, ஒய்னாஸ் புறா. நம் 'அம் புறவு' அப்படியே இருக்கிறது! செம்பும் பச்சையுமாக மினுங்கும் கழுத்திறகுகள், குட்டையான வெள்ளை வால் என்று பெயருக்கு ஏற்ற அழகுதான். அழிந்துபோன டோடோ பறவைக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவும் இதுவே.

இதே தீவுகளில் இன்னொன்றும் உண்டு: பைடு இம்பீரியல் பிஜன். உடல் வெள்ளை, சிறகின் பறப்பிறகுகளும் வால்நுனியும் கறுப்பு. இது மரத்திலேயே பழம் தின்னும். வாயை அகலத் திறந்து ஜாதிக்காயை முழுசாக விழுங்கி, மேலுள்ள ஜாதிபத்திரியை மட்டும் செரித்துக்கொண்டு, கொட்டையை அப்படியே வெளியேற்றிவிடும். அரைவைப்பை மெல்லியது, கொட்டை உடைவதில்லை. நிக்கோபார் புறா நொறுக்கினால் விதை அதோடு சரி. இது விழுங்கிய விதை வேறெங்கோ போய் முளைக்கும். இதைத் தூதுணம்புறவு என்று சொல்ல வழியே இல்லை.

பிஜன், டவ் என்று ஆங்கிலம் பிரிப்பதும் பெரும்பாலும் உருவத்தை வைத்துத்தான். தமிழுக்கு இரண்டும் புறா. இம்பீரியலைப் 'பேரரசுப் புறா' என்று பெயர்ப்பது வெறும் சொல்லுக்குச் சொல். ஆங்கிலத்திலேயே நட்மெக் பிஜன் என்ற பழைய பெயர் இருக்கிறது. அதையொட்டி ஜாதிக்காய்ப் புறா எனலாம். அந்த வகையில் வேறு இனங்களும் இருப்பதால், அதன் அறிவியல் பெயரில் வரும் பைகலர் (இருநிறம்) என்ற இனப்பெயரையும் சேர்த்து இருநிற ஜாதிக்காய்ப் புறா என்றால் இன்னும் துல்லியம்.