சருகுக்குள் ஏது சூடு?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். எட்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகள், தை மாதம் சாரணியர் முகாமுக்காக ஏற்காட்டில் ஓரிரவு வெட்டவெளியில் தங்கியிருக்கிறாள். கூடாரம் கிடையாது. தார்ப்பாயும் கயிறும் கொடுத்து, படுக்க இடம் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்களாம். இரண்டு போர்வை போர்த்தியும் பல் தந்தியடித்திருக்கிறது. நடுராத்திரியில் டீச்சர் எழுப்பி, ஜமக்காளத்துக்கு அடியில் சருகை அள்ளிக் கொட்டிப் படுக்கச் சொன்னார். அப்புறம் விடியும்வரை நல்ல தூக்கம். "சருகுக்குள் ஏது சார் சூடு?" என்பது கேள்வி. கூடவே இன்னொன்று: பலாமரத்தடியில் படுக்காதே, ராத்திரியில் மரம் கரியமில வாயு விடும் என்று வேறொரு டீச்சர் தடுத்தாராம். நிஜமா?

ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பதால் சேலத்தைவிடக் குளிர்வதில் வியப்பில்லை. வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என மூன்று வழியில் போகும் என்பதும் பள்ளிப் பாடம்தான். நேரே சருகுக்கு வருவோம்.

சருகில் சூடே இல்லை. போர்வையிலும் இல்லை. சூடு முழுக்க அந்தப் பெண்ணுடையது. சும்மா படுத்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 80 வாட் வெப்பம் உண்டாகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அது எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்பதுதான் விஷயம். போர்வை கதகதப்பாக இருப்பது துணியால் அல்ல, இழைகளுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றால். அசையாத காற்றைப் போல வெப்பத்தைக் கடத்தாத சோம்பேறி அபூர்வம். ஆனால் முதுகுக்குக் கீழே இருக்கும் ஜமக்காளத்தை நம் எடையே நசுக்கி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிடுகிறது. அதற்கடியில் ஈர மண். மேலே எத்தனை போர்வை போட்டாலும் முதுகு நேராக மலையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்!

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 டிகிரி ஈர மண்ணில் ஒரு ஜமக்காளம் விரித்துப் படுத்தால், முதுகு வழியே 50 வாட் அளவுக்குப் போய்விடும். உடல் தயாரிப்பதே 80! நடுவில் பத்து சென்டிமீட்டர் சருகு வந்தால் இழப்பு ஐந்து வாட் பக்கம் இறங்கிவிடுகிறது. ஐஸ் விற்பவர்கள் கட்டியை மரத்தூளில் பொதிந்து வைப்பதும் இதே வேலைதான். அங்கே வெளிச்சூடு உள்ளே வராமல், இங்கே உள்சூடு வெளியே போகாமல்.

பத்து சென்டிமீட்டர் என்பது படுத்து நசுங்கிய பிறகு இருக்க வேண்டிய கனம். அதற்கு முழங்கால் உயரத்துக்குக் குவிக்க வேண்டும். சருகிலும் சாதி உண்டு. தேக்கிலை பழைய நியூஸ்பேப்பர் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று தட்டையாகப் படிந்துவிடும். சுருண்டு நொறுங்கும் இலைகளும், கடற்கரைச் சவுக்கின் ஊசிச் சருகும் அமுக்கினால் ஸ்பிரிங் போல எழும்பும், காற்றையும் விடாமல் வைத்திருக்கும். ஆனால் ஈரச் சருகு உதவாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு வெப்பம் கடத்தும். டீச்சர் நடுராத்திரியில் அள்ளியது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தேளும் பூரானும் குடியிருக்கும் இடம் அது. பகலிலேயே கோலால் கிளறி உதறிக் குவித்திருக்கலாம்.

சரி, மரத்தடி. ராத்திரியில் மரம் கரியமில வாயு விடுவது உண்மை. திறந்த வெளியில் அது கலைந்து போய்விடும் என்பதும் உண்மை. கதவு ஜன்னல் சாத்திய அறையில் நான்கு பேர் தூங்கினால் சேரும் கரியமில வாயு அதைவிட அதிகம். புளியமரத்துப் பேய்தான் பள்ளிக்கூடம் போய்ப் படித்துவிட்டு, கரியமில வாயு என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பயப்பட வேண்டியது காய்ந்த கிளைக்கு. பலா என்றால் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையில் மரத்தடி கதகதப்பானது. மேகமற்ற இரவில் வானம் நம்மைச் சுற்றியுள்ள காற்றைவிட மிகக் குளிர்ந்த கூரை மாதிரி. நாம் வீசும் அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதி திரும்பி வராது. இலைக்கூரையோ கிட்டத்தட்ட காற்றின் வெப்பநிலையில் இருப்பதால் பதிலுக்குக் கதிர் வீசும். தார்ப்பாயும் ஓரளவு அப்படித்தான்.

ஸ்மார்ட் போர்டு வாங்கும் பள்ளிகள் முகாமுக்குச் சில நூறு ரூபாய் தெர்மாமீட்டர் நான்கைக் கொடுத்தனுப்பலாம். ஒன்றைச் சருகின் மேல், ஒன்றை வெறும் மண்ணில், ஒன்றை மரத்தடியில், ஒன்றை வெட்டவெளியில் வைத்தால் ஒரே ராத்திரியில் ஒரு பாடம் முடிந்துவிடும். அதற்குக் காசில்லை என்றால் உங்கள் மகள் அடுத்த முறை விடிந்ததும் வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்துவரட்டும். வானத்துக்குச் சூட்டை விட்டுக் குளிர்ந்த வெட்டவெளிப் புல்லில் பனியால் பாதம் நனைந்து, பலாமரத்தடிக்கு வந்ததும் நனையாமல் போகிறதா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.