குழாயில் கிருஷ்ணா நீர், புதரில் கலிவிக் கோடி

சென்னைப் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் பறவைகளைப் பற்றிப் பேசும்போது, கடப்பா மாவட்டத்துப் பறவை ஒன்றின் படத்தைத் தவறாமல் காட்டுவேன். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். தண்ணீர்ச் சம்பந்தம்தான். 1983-இல் ஒப்பந்தமாகி, 1996-இல் பூண்டி ஏரியை எட்டிய கிருஷ்ணா நீர், தெலுங்கு கங்கைத் திட்டத்தின் வழியே அந்த மாவட்டத்தைக் கடந்துதான் நம்மிடம் வருகிறது.

பறவையின் பெயர் ஜெர்டன் கோர்சர். அவ்வூர் மக்களுக்குக் கலிவிக் கோடி. மைனாவைவிடச் சற்றே பெரியது. நெஞ்சில் இரண்டு பழுப்புப் பட்டைகள். பகலெல்லாம் புதரடியில் பதுங்கிவிட்டு இரவில் தரையில் ஓடியே இரை தேடும். 1900-க்குப் பிறகு எவர் கண்ணிலும் படாததால் அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 1986-இல் உள்ளூர் மக்களின் உதவியோடு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் அதை மீண்டும் கண்டறிந்தார். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனம்.

இத்தகைய பறவையைத் தேடுவது மண்ணைப் படிக்கும் வேலை. புதர்களுக்கிடையே மண்ணைச் சலித்து, மெல்லிய பட்டையாகப் பரப்பிவைத்து, காலையில் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். கோர்சருக்குப் பின்விரல் கிடையாது. முன்னோக்கிய மூன்று விரல்களின் தடம் மட்டுமே விழும். பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் கழித்து, சில நிமிடங்களே அது குரல் கொடுக்கும். அதைத் தவறவிட்டால் மறுநாள்தான்.

அதற்கு அடர்காடும் ஆகாது, மொட்டைத் தரையும் ஆகாது. இடையிடையே வெற்றுத் தரை விட்ட முட்புதர்க்காடு வேண்டும். அளவான மேய்ச்சலால் அந்த இடைவெளி நிலைக்கிறது. மேய்ச்சலும் விறகுவெட்டும் மிஞ்சினால் புதரே மிஞ்சாது. எலுமிச்சைத் தோட்டங்களுக்காகவும் புதர்கள் அழிக்கப்படுகின்றன. 2005-இல் தெலுங்கு கங்கைக் கால்வாய்ப் பணியில் கோர்சரின் வாழிடத்திலேயே மண் தோண்டப்பட்டது. பறவை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு பாதை மாற்றப்பட்டது. நேரத்தோடு குரல் கொடுத்தால் கால்வாயும் வளைந்து போகும். இதை நான் எல்லா வகுப்பிலும் அழுத்திச் சொல்கிறேன்.

சென்னையை ஒட்டிய நம் நன்மங்கலத்திலும் புதர்க்காடுதான் இருக்கிறது. அங்கே கொம்பன் ஆந்தை வாழ்கிறது. அத்தகைய நிலத்தைத் தரிசு என்று எழுதிவைத்து, நல்லெண்ணத்தோடு மரக்கன்றுகளை நட்டு நிரப்புவது என்னைப் பதறவைக்கிறது. உங்கள் பகுதியில் மரம் நடும் விழா என்றால், குழி வெட்டுமுன் ஒரு மாலை அங்கே போய் இருட்டும்வரை நின்று, எந்தெந்தப் பறவைகள் குரல் கொடுக்கின்றன என்று கேளுங்கள். புதர்நிலத்துத் தரையில் வாழும் இரவுப் பறவைகளான பக்கியோ கண்கிலேடியோ கூப்பிட்டால், கன்றுகளைத் தெருவோரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி வனத்துறைக்கு எழுதுங்கள்.