ஒரு ஸ்டார் போடுறதுக்கு முன்னாடி அந்த டேப்பைப் பாருங்க

பெங்களூர்ல பார்களுக்கு ட்ராஃப்ட் பீர் லைன் மாட்டுறது, கழுவுறது, ரிப்பேர் பாக்குறதுதான் 12 வருஷமா எனக்கு வேலை. பேரல்லருந்து ட்யூப் வழியா வந்து குழாய்ல பிடிச்சுக் குடுக்குற பீருதான் ட்ராஃப்ட், அந்த ட்யூப்புதான் லைன், குழாய்தான் டேப். சொந்த ஊரு கானாடுகாத்தான். காரைக்குடி பக்கம் டேப் வச்ச பாரை நான் பாத்ததே இல்ல, ஆனா நம்ம பக்கத்துப் பசங்க பெங்களூர் சென்னைன்னு வேலைக்குப் போயி அங்க குடிச்சுட்டு "இந்த பிராண்டு புளிக்குது, வாங்காதீங்க"ன்னு போன்ல ரிவ்யூ எழுதுறத நெறைய பாக்குறேன். மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

போன வருஷம் சித்தப்பா மகன் பெங்களூர் வந்திருந்தான். ஒரு பார்ல லாகர்ங்கிற வகை பீர் ஒரு கிளாஸ் வாங்கி ஒரு வாய் வச்சதுமே மூஞ்சியச் சுளிச்சுட்டான். "என்னண்ணே இது, வெண்ணெ உருக்குன வாசம் வருது, முழுங்குனா புளிக்குது. ஊர்ல பாட்டில்ல இதே பீரு நல்லாத்தான இருந்துச்சு?" அவன் நாக்கு சரியாத்தான் சொல்லுச்சு, ஆனா ஆளை மாத்திப் பிடிச்சுட்டான். மேனேஜர் தெரிஞ்சவரு, கேட்டுட்டு அந்த டேப்பைக் கழட்டுனேன். உள்ள விரலை விட்டா வழவழங்குது, தண்ணிப் பானைய பத்து நாள் தேய்க்காம விட்டா உள்பக்கம் பிடிக்குமே அதே மாதிரி. வெள்ளை டிஷ்யூவால துடைச்சா பழுப்பா ஒரு தீத்தல், மோந்து பாத்தா கெட்டுப்போன மோர் நாத்தம். லைன் கழுவி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சாம். மறுநாள் காலைல நானே கழுவிவிட்டு அதே பேரல்லருந்து ஒரு கிளாஸ் பிடிச்சுக் குடுத்தேன், வெண்ணெ வாசமும் இல்ல புளிப்பும் இல்ல. பீரு மாறல, அது வந்த வழிதான் மாறுச்சு.

நம்ம வீட்டுல மோரைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா இருக்குல்ல, அதோட சொந்தக்காரங்கதான் லைனுக்குள்ளயும் குடியேறுறது. அதுங்க விடுற டைஅசிட்டைல்ங்கிற பொருள்தான் அந்த வெண்ணெ வாசம். வினிகர் மாதிரி அடிச்சா அது வேற கூட்டம், காத்துப் படுற டேப் வாயிலதான் அதிகம் இருக்கும். இதுபோக பீர்ல உள்ள கால்சியம் ட்யூப் உள்ள கல்லு மாதிரி படிஞ்சு அதுங்களுக்கு ஒளிய இடம் குடுக்கும், அதுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆசிட் வாஷ் வேணும். சாதாரணமா 14 நாளைக்கு ஒருக்கா 2 சதவீத காஸ்டிக் சோடா கரைசலை லைன்ல 15 நிமிஷமாவது சுத்த விட்டு, டேப்பைப் பிரிச்சுத் தேய்ச்சு, கடைசில தண்ணிய விட்டு காஸ்டிக் சுத்தமாப் போயிருச்சான்னு பிஹெச் பேப்பர் வச்சுப் பாக்கணும். கழுவும்போது லைன்ல நிக்கிற பீர் வீணாப் போகுதேன்னுதான் பல பேரு தள்ளிப் போடுறாங்க.

அந்த நிக்கிற பீர் விஷயத்த நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. கால் இன்ச் ட்யூப் 30 அடி ஓடுச்சுன்னா அதுக்குள்ள கிட்டத்தட்ட 300 மில்லி நிக்கும். மத்தியானம் கடை தொறந்ததும் மொதல்ல வர்ற கிளாஸு ராத்திரி பூரா அந்த ட்யூப்புலயே கெடந்த பீரு. அத வச்சு எந்த பிராண்டுக்கும் மார்க் போடாதீங்க. வெறும் நுரையா வருதுன்னா பேரல் சூடா இருக்கலாம் இல்ல கேஸ் பிரஷர் தப்பா இருக்கலாம், அதுக்கும் பீர் கம்பெனிய திட்டிப் பிரயோஜனம் இல்ல.

சரி, வீட்டுல குடிச்சா சரியா சொல்லிரலாமா? அதுவும் இல்ல. ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப மொட்டை மாடில, பகல் ரெண்டு மணி வெயில்ல, வாளித் தண்ணில ஐஸ் போட்டு பச்சை பாட்டிலா அடுக்கி வச்சிருந்தாங்க. ஜில்லுன்னுதான் இருந்துச்சு, ஆனா தொறந்தா எரிஞ்ச ரப்பர் வாசம். வெளிச்சம் பட்டா, பீர்ல போடுற ஹாப்ஸ்ங்கிற பூவோட கசப்புப் பொருள் ஒடைஞ்சு கந்தக நாத்தம் வந்துரும், ஐஸ் சூட்டைத்தான் தடுக்கும் வெயில் வெளிச்சத்த எங்க தடுக்கும்? பழுப்பு பாட்டில் ஓரளவு தாங்கும், பச்சையும் வெள்ளையும் தாங்காது. வெயில் காலத்துல சூடான குடோன்ல கெடந்த பாட்டில்னா நனைஞ்ச அட்டை மாதிரி ஒரு ருசி வரும், அதனால லேபிள்ல தேதியப் பாத்து வாங்குங்க.

அடுத்தது கிளாஸு. உப்புக்கறி சட்டி தேய்ச்ச அதே நார்ல கிளாஸையும் தேய்ச்சா எண்ணெய்ப் பசை போகவே போகாது. உள்பக்கம் நனைச்சுட்டு உப்பைத் தூவுங்க, எங்க ஒட்டலையோ அங்க பசை இருக்கு. பீர் ஊத்துனதும் கிளாஸ் சுவர்ல முத்து முத்தா குமிழி ஒட்டிக்கிட்டு நின்னாலும் அதே கதைதான், நுரை சட்டுன்னு அமுங்கிரும். எவர்சில்வர் டம்ளர்ல ஊத்துனா இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. ஃப்ரீசர்ல வச்ச கிளாஸும் வேணாம், நாக்கு மரத்துப்போயி நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது. மொத ரெண்டு வாய் காரமா எதையும் கடிக்கிறதுக்கு முன்னாடியே குடிச்சுப் பாத்துருங்க, நம்ம ஊரு மொளகுக்கு அப்புறம் எந்த நாக்கும் தீர்ப்பு சொல்லாது.

ட்ராஃப்டையும் பாட்டிலையும் பக்கத்துல வச்சு எது ஒசத்தின்னு கேக்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல. டேப்ல குடிச்சு எழுதுறீங்கன்னா அது அந்த பாருக்கு எழுதுற ரிவ்யூ, அதனால எந்த பாரு, எந்த நேரம், எத்தனாவது கிளாஸுன்னு சேத்து எழுதுங்க. வெண்ணெ வாசமோ புளிப்போ வந்தா குடிக்காம கிளாஸைத் திருப்பிக் குடுத்துட்டு, "அண்ணே, லைன் கடைசியா எப்பக் கழுவுனீங்க?"ன்னு மரியாதையா கேளுங்க. ஒழுங்கா கழுவுற கடைல தேதி போட்டு ஒரு நோட்டு வச்சிருப்பாங்க, கேட்டா எடுத்துக் காட்டுவாங்க.