தடிப்பைப் பார்த்துத் தாள் வாங்காதையுங்கோ

புரோஷருக்குப் பிழையான தாளை வாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்களில், நேற்று வந்த அக்கா இந்தக் கிழமையில் நாலாவது ஆள். நல்லூர்க் கொடியேற்றம் கிட்டுகிறது. கோயிலைச் சுற்றி அறை வாடகைக்கு விடுகிறவர்கள், ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதி செய்து விற்கிறவர்கள், ரியூசன் வகுப்புத் தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும் மூன்றாக மடிக்கிற புரோஷர் வேண்டும். அதை வீட்டு பிரிண்டரிலேயே அடிக்கவும் வேண்டும். அதில் பிழை இல்லை. நூறு, நூற்றைம்பது பிரதிக்கு வீட்டில் அடிப்பதுதான் கணக்குக்குச் சரி. பிரிண்டர் திருத்திப் பிழைக்கிற நான் அதை வேண்டாம் என்று சொல்வேனா?

அந்த அக்கா ஆறு பக்கற் கிளொசி, அதாவது மினுக்கமான, போட்டோ பேப்பரை மேசையில் வைத்தா. பக்கற்றுக்கு 20 தாள், 230 ஜிஎஸ்எம். 120 தாளிலும் முன்பக்கம் அடித்து முடித்துவிட்டா. முன்பக்கம் உண்மையாகவே கலண்டர் படம் மாதிரி இருந்தது. பின்பக்கத்தில்தான் அறை வாடகையும் தொலைபேசி எண்ணும் வர வேண்டும். அடித்துப் பார்த்த பத்துத் தாளிலும் எழுத்துகளின் ஓரம் மயிர் முளைத்தது போலப் பரவிக் கிடந்தது. போதாததற்குத் தாள் செய்த கம்பனியின் பெயர் சாம்பல் நிறத்தில் குறுக்கும் மறுக்குமாக ஓடியது.

"தம்பி, நீர் திருத்தித் தந்த பிரிண்டர் பின்பக்கத்தை மட்டும் ஏன் இப்பிடி அடிக்குது?"

"அக்கா, பிரிண்டருக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் எண்டு தெரியாது. உது ஒரு பக்கத் தாள்."

"230 எண்டு போட்டிருக்குத் தானே!"

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். யார் இதைத் தொடக்கி வைத்தார்களோ தெரியாது, எங்கள் ஊரில் ஜிஎஸ்எம் என்றால் தரம் என்று ஆகிவிட்டது. கடையில் நின்று கேட்டுப் பாருங்கள். "தம்பி, நல்ல பேப்பர் இருக்கோ?" "230 இருக்கு, 260உம் இருக்கு அண்ணை." "அப்ப 260ஐத் தாங்கோ. எடுக்கிறதை நல்லதா எடுப்பம்." காசு கைமாறும், கதை முடிந்தது. இரண்டு பக்கமும் அடிக்கலாமா என்று வாங்குகிறவரும் கேட்கவில்லை, விற்கிறவரும் சொல்லவில்லை.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை, கிராமில். அவ்வளவுதான். ஏ0 அளவுத் தாள் ஒரு சதுர மீற்றர். அதைப் பதினாறாக வெட்டினால் ஏ4. ஆகவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 160 என்றால் 10 கிராம், 240 என்றால் 15 கிராம். 80 ஜிஎஸ்எம் போட்டோக்கொப்பித் தாள் ஒரு றீம், அதாவது 500 தாள், இரண்டரைக் கிலோ நிற்கும். நம்பாவிட்டால் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். தராசு எதைச் சொல்லுமோ அதைத்தான் ஜிஎஸ்எம்மும் சொல்லும். ஐந்து கிலோ என்று எழுதிய அரிசிப் பையைப் பார்த்து உள்ளே இருப்பது மொட்டைக்கறுப்பனா கீரிச்சம்பாவா என்று சொல்ல முடியுமா? அப்படித்தான் இதுவும். 230 ஜிஎஸ்எம் தாளின் பின்பக்கம் வெறும் கடதாசியாக இருக்கலாம். 108 ஜிஎஸ்எம் தாளில் இரண்டு பக்கமும் அருமையான பூச்சு இருக்கலாம். மையைப் பிடித்து வைப்பது அந்தப் பூச்சு. நிறைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நிறை வேறு விடயங்களுக்கு உதவும், மறுக்கவில்லை. 80 ஜிஎஸ்எம் தாளில் இரண்டு பக்கமும் படம் அடித்தால் ஒரு பக்கத்துப் படம் மறுபக்கத்தில் நிழலாகத் தெரியும். மை ஈரத்தில் தாளும் அலையலையாக நெளியும். 200ஐத் தாண்டினால் மடிக்கிற இடத்தில் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு விழும். முன் தட்டில் தாள் வைக்கிற பிரிண்டர் என்றால் உள்ளே தாள் வளைந்து திரும்புகிற இடத்தில் சிக்கவும் சிக்கும். மடிக்கிற புரோஷருக்கு என் கைக்குப் பிடித்தது 120க்கும் 160க்கும் இடைப்பட்ட, இரண்டு பக்கமும் பூச்சுள்ள மட் இன்க்ஜெட் தாள். மட் என்றால் மினுக்கம் இல்லாதது; இன்க்ஜெட் என்றால் மையைத் துளியாகத் தெளித்து அடிக்கிற வீட்டு பிரிண்டர். பத்துக்கு ஒன்பது பேருக்கு இதுவே போதும்.

கிளொசி கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டு பக்கக் கிளொசியும் இருக்கிறது, விலைதான் கூட. அது மட்டுமா? இரண்டாவது பக்கம் அடிக்கும்போது முதல் பக்கத்தில் உருளைத் தடம் விழும், கைரேகை பதியும், மடித்த இடம் வெடிக்கும். மினுக்கம் சுவரில் மாட்டுகிற படத்துக்கு. பஸ்ஸில் வைத்துக் கசக்கிப் படிக்கிற தாளுக்கு எதற்கு?

இனி ஆர்ட் பேப்பர், அதாவது அச்சகத்து வழுவழுப்புத் தாள், கொண்டு வருகிற ஆட்கள். இவர்கள் தனி இனம். போன மாதம் ஒரு தம்பி, சித்தப்பாவின் அச்சகத்தில் மிஞ்சியது என்று ஒரு கட்டுக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் மினுமினுப்பு, தொட்டால் வழுவழுப்பு, சும்மா கிடைத்தது வேறு. உறையில் சி2எஸ் என்று இருந்தது. இரண்டு பக்கமும் பூச்சு என்று அதற்கு அர்த்தம், அதுவும் உண்மைதான். ஆனால் அது அச்சகத்து ஓப்செட் இயந்திரத்தின் மைக்குப் போட்ட பூச்சு. அந்த மை எண்ணெய் சேர்ந்தது, எங்கள் இன்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீர். இரவு அடித்து வைத்தாராம், விடியத் தொட்டால் கையோடு வந்ததாம். அந்த மை உருளைகளில் ஏறி, அடுத்த நாள் தங்கச்சியின் பாடசாலை ஒப்படையிலும் ஏறியிருக்கிறது. உருளையைக் கழற்றித் துடைக்க எனக்கு இரண்டு மணித்தியாலம் போனது. சும்மா வந்த தாளுக்கு அவர் கொடுத்த கூலியில் நல்ல தாள் ஒரு பக்கற் வாங்கியிருக்கலாம்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய வசனம் இதுதான்: "இன்க்ஜெட்டுக்கு, இரண்டு பக்கமும் கோட்டிங் உள்ள மட் பேப்பர்." மூன்று சொல்லும் வேண்டும். இன்க்ஜெட் என்பதை விட்டால் ஆர்ட் பேப்பர் வரும், இரண்டு பக்கம் என்பதை விட்டால் போட்டோ பேப்பர் வரும், மட் என்பதை விட்டால் விலை ஏறும். பக்கற்றில் 'டபுள் சைட்' என்று எழுதியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கடைக்காரத் தம்பி "ஓம், ரெண்டு பக்கமும் அடிக்கலாம்" என்றால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடிக்கத்தான் முடியும், என்ன வரும் என்பது வேறு கதை.

விலையைப் பக்கற்றுக்குப் பார்க்காதீர்கள், தாளுக்குப் பிரித்துப் பாருங்கள். 20 தாள் பக்கற் மலிவாகத் தெரியும். 50, 100 தாள் பக்கற் பக்கத்தில் நின்று விலை உயர்ந்தது போல முழிக்கும். பிரித்தால் பெரும்பாலும் கதை தலைகீழ். நூறு புரோஷர் வேண்டும் என்றால் 110 தாள் எடுங்கள், பத்துத் தாள் பழுதாகத்தான் போகும். எனக்கே போகும்.

வாங்க முதல் ஒரு தாள் மட்டும் தருவார்களா என்று கேளுங்கள். கழிவுத் துண்டு என்றாலும் பரவாயில்லை. விரல் நுனியைச் சற்று ஈரமாக்கி மூலையில் இரண்டு பக்கமும் பிடியுங்கள். பூச்சுள்ள பக்கம் லேசாக ஒட்டும். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் ஒட்டாவிட்டால் அது உங்கள் தாள் இல்லை. மட் தாளில் ஒட்டுவது குறைவு, அதனால் வீட்டில் ஒரு தாள் அடித்துப் பார்ப்பதுதான் முடிந்த முடிவு. சிறிய எழுத்தும் கறுப்புப் பட்டையும் உள்ள பக்கத்தை இரண்டு பக்கமும் அடியுங்கள். எழுத்தின் ஓரம் கூராக நிற்கிறதா, பத்து நிமிடம் கழித்து விரலால் இழுத்தால் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

வெளிநாட்டுப் பார்சல் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவில் இருந்து மகன் நல்ல இரட்டைப் பக்கத் தாளாகவே வாங்கி அனுப்பியிருப்பார். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அளவைத் தவிர. அங்கே லெட்டர் அளவு, 216க்கு 279 மில்லிமீற்றர். எங்கள் ஏ4, 210க்கு 297. ஏ4க்கு வரைந்ததை அதில் அடித்தால் ஓரத்துத் தொலைபேசி எண் பாதியோடு போய்விடும். முதலில் அளவை மாற்றி வரையுங்கள், பிறகு மகனுக்கு நன்றி சொல்லுங்கள்.

அடிக்கிற விடயம் சுருக்கமாக. பிரிண்டரில் தாள் வகையை 'மட்' என்று மாற்றுங்கள். பிளெயின், அதாவது சாதாரண தாள், என்றே விட்டு அடித்துவிட்டு நிறம் செத்துப்போச்சு என்று என்னிடம் வராதீர்கள். பூச்சுத் தாள் வகையைத் தெரிவு செய்தால் தானாகப் புரட்டுகிற வசதி பல பிரிண்டர்களில் நின்றுவிடும். கையால்தான் புரட்ட வேண்டும், குறுகிய பக்கமாக. நீளப் பக்கமாகப் புரட்டினால் மறுபக்கம் தலைகீழாக வரும். முதல் பக்கம் எல்லாம் அடித்து, ஒன்றின் மேல் ஒன்று போடாமல் பரப்பி, குறைந்தது அரை மணித்தியாலம் காய விடுங்கள். ஃபானைத் தாளுக்கு நேரே பிடிக்க வேண்டாம், சுருளும். மாரி காலத்தில் திறந்த பக்கற்றைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். ஈரம் குடித்த தாளில் எந்த மையும் ஒழுங்காக நிற்காது.

மூன்று இதழையும் சமமாக 99 மில்லிமீற்றர் வைத்தால் உள்ளே மடிகிற இதழ் முட்டிக்கொண்டு நிற்கும். உள்ளிதழுக்கு 97, மற்ற இரண்டுக்கும் 100 வையுங்கள். மறுபக்கத்தில் இந்த வரிசை புரளும், அதை மறந்து இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் வைப்பவர்கள்தான் அதிகம். 160 ஜிஎஸ்எம் தாளை மடிக்க முதல் அடிமட்டத்தை வைத்து, மை முடிந்த பேனையால் ஒரு கோடு அழுத்தி இழுத்தால் மடிப்பு நேராக விழும். கான்வா என்ற வடிவமைப்புச் செயலியில் கண்ட கறுப்புப் பின்னணியை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். முழுத் தாளையும் கறுப்பாக்கினால் மை முடியும், தாள் நெளியும், மடிப்பில் வெள்ளை தெரியும்.

2022இல் தாள் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். அதற்கு முதல், போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த நாளில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடித்த ஊர் எங்களுடையது. அந்த அக்காவின் 120 தாளைப் பார்க்க எனக்குக் கோபத்தை விடக் கவலைதான் வந்தது. முன்பக்கம் நன்றாக வந்த 110 தாளை அஞ்சலட்டை அளவுக்கு வெட்டி, பின்னால் முகவரி முத்திரை குத்திக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். புரோஷருக்கு 140 ஜிஎஸ்எம் மட் தாள் வாங்கியிருக்கிறா.

போகிற நேரத்தில் படியில் நின்று கேட்டா: "தம்பி, இந்தப் பின்பக்கத்தைச் சந்தியில இருக்கிற போட்டோக்கொப்பிக் கடையில அடிச்சால் என்ன?" இன்க்ஜெட் கிளொசித் தாளைத் தயவுசெய்து லேசர் பிரிண்டருக்கோ போட்டோக்கொப்பி மெசினுக்கோ கொண்டு போகாதீர்கள். அதற்குள் மைத்தூளை உருக்கி ஒட்டுகிற உருளை 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுடும். தாளின் பூச்சு உருகி அந்த உருளையில் சுற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கடைக்காரர் எனக்குப் போன் எடுப்பார், பில்லை உங்களிடம் நீட்டுவார்.