ஏழு மாதம் கழித்தும் கை ஏன் பாக்கெட்டுக்குப் போகிறது?

பெரியப்பா தவறிய அன்று நான் ஊர் போய்ச் சேரும்போது காலை ஒன்பது மணி இருக்கும். சிகரெட்டை விட்டு அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. சென்னையில் ஆபீஸ் பக்கத்து டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, ராத்திரி மொட்டைமாடி என்று எல்லா இடத்திலும் தாக்குப்பிடித்து, இனி இந்தத் தொல்லை இல்லை என்று நம்ப ஆரம்பித்திருந்தேன். துஷ்டி வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தீக்குச்சியை உரசினார். அந்தச் சத்தம் கேட்டது, பின்னாலேயே மருந்து வாசனை. என் வலது கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. உள்ளே ரயில் டிக்கெட்தான் இருந்தது. தொண்டை வறண்டு, நெஞ்சு லேசாக இறுகியது. விட்ட முதல் வாரத்தில்கூட அவ்வளவு வேகமாக வந்ததாக நினைவில்லை.

"இந்தா மாப்ளே" என்று அத்தான் பெட்டியை நீட்டினார். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு எழுந்து வாய்க்கால் கரை வரைக்கும் நடந்தேன்.

புகையை விட்ட நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் பயந்துபோகிறார்கள். இத்தனை மாதம் ஆகியும் போகவில்லையே, அப்படியென்றால் இது சாகும்வரை கூடவே வருமா என்று கலங்குகிறார்கள். அந்தக் கலக்கத்திலேயே ஒன்றைப் பற்றவைத்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் வரும் ஆசையும் ஏழாம் மாதம் வரும் ஆசையும் உடம்பில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் அவை புறப்படுகிற இடம் வேறு வேறு. இது தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் நிக்கோடின். புகையை உள்ளே இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் அது மூளையைத் தொட்டுவிடுகிறது. அவ்வளவு வேகமாக வருகிற பொருள், ஏறக்குறைய அதே அவசரத்தில் வெளியேறவும் செய்கிறது. ரத்தத்தில் இருக்கும் நிக்கோடினில் பாதி இரண்டு மணி நேரத்தில் குறைந்துவிடும். அதனால்தான் தொடர்ந்து புகைப்பவருக்கு மணிக்கு ஒரு முறை கை பரபரக்கிறது. நிக்கோடின் போய் ஒட்டிக்கொள்வது அசிட்டைல்கோலின் என்ற, மூளை தானே சுரக்கும் பொருளை வாங்கிக்கொள்வதற்காக நரம்பணுக்களில் அமைந்த ஏற்பிகளில். வருடக்கணக்கில் வெளியிலிருந்து நிக்கோடின் வந்து கொட்டும்போது, மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் அத்தனை ஏற்பிகளும் காலியாகக் கிடக்கும். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை, அகோரப் பசி எல்லாம் இதிலிருந்து வருபவை. முதல் சில நாட்களில் இவை உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளின்படி, 6 முதல் 12 வாரங்களுக்குள் ஏற்பிகளின் எண்ணிக்கை புகைக்காதவர்களின் அளவுக்கே இறங்கிவிடுகிறது.

அப்படியானால் அன்று வேப்பமரத்தடியில் என் உடம்பில் ஒரு துளி நிக்கோடின் கிடையாது. அதற்காகப் பெருகிய ஏற்பிகளும் எப்போதோ குறைந்துவிட்டன. மிஞ்சியிருந்தது பழக்கத்தின் நினைவு.

அந்த நினைவு எவ்வளவு ஆழம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு 10 சிகரெட், ஒன்றுக்கு 10 இழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 100 இழுப்பு, 15 வருடத்துக்கு 5,47,500. வேறெந்தப் பாடத்தையும் நாம் இத்தனை முறை படித்திருக்க மாட்டோம். ஒவ்வொரு இழுப்பும் அந்த நேரத்தில் சுற்றி இருந்தவற்றோடு சேர்ந்தே பதிகிறது: டீ கிளாஸின் சூடு, பெட்டிக்கடை ஓரம் தொங்கும் கயிற்றின் நுனியில் கனியும் நெருப்பு, சாப்பாடு முடிந்து கை கழுவுகிற நேரம், மழை.

இந்தப் பதிவு எப்படி நடக்கிறது என்பதைக் குரங்குகளை வைத்து அழகாகக் காட்டியவர் நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்குக்கு ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்தால் அதன் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினார். சில நாட்களில் அந்தத் துடிப்பு இடம் மாறியது. விளக்கு எரிந்ததுமே நரம்புகள் துடித்தன. சாறு வந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. விளக்கை எரியவிட்டுச் சாற்றைத் தராமல் ஏமாற்றியபோது, சாறு வந்திருக்க வேண்டிய சரியான கணத்தில் அந்த நரம்புகள் வழக்கமான அளவுக்கும் கீழே அமிழ்ந்தன. சாதாரணமாக இருந்த குரங்கு, எதிர்பார்ப்பு ஒன்று ஏற்பட்டதால் மட்டுமே பள்ளத்தில் விழுந்தது.

என் அத்தானின் தீக்குச்சிதான் எனக்கு அந்த விளக்கு. வரப்போகிறது என்று மூளை கணித்தது, வரவில்லை. நான் 'ஆசை' என்று உணர்ந்ததில் பெரும்பங்கு அந்தப் பள்ளம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தொண்டையிலும் நெஞ்சிலும் அதை உணர்வதற்கும் காரணம் உண்டு. மூளையில் இன்சுலா என்றொரு பகுதி, பசி, தாகம், மூச்சு, இதயத்துடிப்பு என்று உடம்புக்குள்ளிருந்து வரும் சேதிகளை வாங்கி உணர்வாக்குகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையில் காயம்பட்ட, அதற்கு முன் புகைத்துக்கொண்டிருந்த 69 பேரைக் கவனித்தார்கள். அவர்களில் 19 பேருக்கு இன்சுலாவில் சேதம். அந்த 19 பேரில் 12 பேர் எந்தப் போராட்டமும் இல்லாமல், திரும்பத் தவிப்பே வராமல் புகையை விட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், தன் உடம்பு புகைக்கும் ஆசையையே மறந்துவிட்டது என்று சொன்னார்.

சரி, ஏழு மாதத்தில் சென்னையில் அடங்கியது ஊரில் ஏன் எழுந்தது? என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான்.

பாவ்லோவ் நாய்களுக்கு மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கியது எல்லோருக்கும் தெரியும். சோறு போடாமல் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். பழைய பாடம் அழிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 1979இல் உளவியலாளர்கள் மார்க் பௌட்டனும் ராபர்ட் போல்ஸும் எலிகளை வைத்துச் செய்த சோதனை வேறு கதை சொன்னது. ஒரு கூண்டில் ஓர் ஒலியைக் கேட்டால் பயப்படும்படி எலிகளைப் பழக்கினார்கள். பிறகு அவற்றை வேறொரு கூண்டுக்கு மாற்றி, அந்த ஒலியால் கெடுதல் இல்லை என்று புரியும்வரை அதை ஒலிக்கவிட்டார்கள். பயம் போனது. எலிகளை மறுபடி முதல் கூண்டில் விட்டதும், அதே ஒலிக்கு அதே பயம் திரும்பியது.

பழைய பாடம் அழிவதில்லை. அதன் மேல் புதிதாக ஒரு பாடம் எழுதப்படுகிறது. அந்தப் புதிய பாடம் எழுதிய இடத்தோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. சென்னை டீக்கடையில் நின்று, டீயை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிய ஒவ்வொரு நாளும் என் மூளை 'இந்தக் கடையில் இப்போது சிகரெட் கிடையாது' என்று கற்றுக்கொண்டது. ஊர் வேப்பமரத்தடிக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை. அங்கே நான் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் கையில் புகைந்துகொண்டிருந்தது. தினமும் வரும் இடங்கள் சில வாரங்களில் பழகிவிடும். கல்யாணம், துஷ்டி, கோயில் கொடை, வருடத்தில் ஒரு தடவை கூடும் காலேஜ் நண்பர்கள் எல்லாம் எப்போதாவதுதான் வரும். மாதக்கணக்கில் கழித்து வரும் தவிப்புக்குப் பின்னால், இன்னும் புகையில்லாமல் ஒரு தடவைகூடப் போய்வராத இடமோ நேரமோ மனநிலையோ இருக்கும். ஆஸ்பத்திரி அறையில் சிகரெட்டையும் லைட்டரையும் காட்டிக்காட்டி ஆசையை மரத்துப்போகச் செய்யும் சிகிச்சைகள் எதிர்பார்த்த பலன் தராததற்கும் இதையே ஆய்வாளர்கள் காரணம் காட்டுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2011இல் வந்த ஓர் ஆய்வு, 7, 14, 35 நாட்கள் புகைக்காமல் இருந்தவர்களை ஒப்பிட்டது. நாள் ஆக ஆக, எந்நேரமும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் தவிப்பு குறைந்தது. ஆனால் சிகரெட்டை நினைவுபடுத்தும் காட்சிகளைக் கண்டதும் பொங்கும் ஆசை கொஞ்ச காலத்துக்கு ஏறவும் செய்தது. எலிகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே 'முன்னைவிட வேகமாக வருகிறதே' என்று தோன்றினால், அது நீங்கள் தோற்றுக்கொண்டிருப்பதற்கான அறிகுறி ஆகாது.

அந்த நேரத்தில் என்ன செய்வது? இந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். இதை வைத்து உளவியலாளர் ஆலன் மார்லட் ஒரு வழி சொன்னார்: ஆசையோடு மல்லுக்கட்டாமல், கடலில் அலைமேல் பலகை வைத்துச் சறுக்குபவர் போல அதன் மேலேயே இருந்து கவனிப்பது. தொண்டையில் எங்கே வறள்கிறது, நெஞ்சில் எங்கே இறுகுகிறது, இப்போது கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. செய்துபார்த்தால்தான் இதன் அருமை தெரியும். நடையும் உதவும். பத்து நிமிடம் வேகமாக நடந்தாலே ஆசை தணிவதைப் பல ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. அன்று என்னை வாய்க்கால் கரைக்கு அனுப்பியது எந்த ஆய்வும் இல்லை, ஆனாலும் அது பலித்தது.

காபி குடிப்பவர்களுக்கு ஒரு தனி விஷயம். சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருட்கள், காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகையை நிறுத்தினால் அந்த நொதி தணிந்து, அதே இரண்டு டம்ளர் காபி ரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு காஃபீனைத் தேக்கிவிடும். படபடப்பையும் தூக்கமின்மையையும் சிகரெட் இல்லாததால் என்று பழிபோட்டுவிடுகிறோம். காபியைப் பாதியாக்கிப் பாருங்கள்.

'ஒரே ஒரு இழுப்பு' என்பதை மட்டும் இளக்காரமாக நினைக்காதீர்கள். ஒன்றிரண்டு இழுப்பிலேயே மூளையின் முக்கியமான நிக்கோடின் ஏற்பிகளில் பாதி நிரம்பி, மூன்று மணி நேரம் அப்படியே இருக்கும் என்று 2006இல் கண்டறிந்தார்கள். அடங்கிக் கிடந்த கணிப்புக்கு 'ஆமாம், வரும்' என்று பதில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்படி ஒன்றை இழுத்துவிட்டாலும் எல்லாம் போச்சு என்று பெட்டியை வாங்க வேண்டாம். எழுதிய புதிய பாடங்கள் அழிந்துவிடவில்லை, அந்தக் கணமே நிறுத்தலாம். பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். விட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் தயங்காமல் கூப்பிடுங்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மறுபடி ஊருக்குப் போனேன். அதே வேப்பமரம், அதே நாற்காலி. அத்தான் பற்றவைத்தார். தொண்டை லேசாக வறண்டது, டீ வந்தது, பேச்சு பெரியப்பாவின் பம்புசெட்டுப் பக்கம் போனது. அந்த வறட்சி எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

சித்திரையில் கோயில் கொடை வருகிறது. ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு கேட்டுக்கொண்டு நிற்கிற அந்த மைதானத்தில் நான் சிகரெட் இல்லாமல் ஒரு வருடம்கூட நின்றதில்லை. இந்த முறை போகும்போது ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளப் போகிறேன். கை அங்கேதான் போகும்.